வேக வைத்தியர்

வேக வைத்தியர் என்பவர், பழைய அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய சின்னப் படகுகளுக்கு வேகம் கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்து, கூலியை மீனாக வாங்கிக்கொள்ளும் மெக்கானிக். இவரைக் கடலோரத்தில் தேடிப் பயனில்லை. தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய இரும்புலியூரில்தான் அகப்படுவார். அந்த ஊரில் ஏரி உண்டு, மீன்பிடித் துறை கிடையாது. பைபாஸ் உண்டு, அலை கிடையாது. கோவளம் கடற்கரை வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முப்பது கிலோமீட்டர் போல. இந்தத் தூரம் வைத்தியரின் தொழிலுக்குக் குறையே அல்ல, அதுதான் முதலீடு. கோவளத்திலேயே இருக்கிற மெக்கானிக்கை ராத்திரி எத்தனை மணிக்கும் கதவைத் தட்டித் திட்டலாம். தாம்பரத்தில் 515 பஸ் பிடித்து, மஞ்சள் பையில் ஸ்பானரோடு வந்து இறங்குகிறவரை அப்படித் திட்ட வாய் வராது.

உள்ளூர்க்காரனுக்குப் பேய் பயம், அசலூர்க்காரனுக்குத் தண்ணீர் பயம் என்பார்கள். வைத்தியர் அசலூர்க்காரர். நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை. படகின் வேகத்தைப் பற்றி அவர் சொல்வது அனைத்தும் கரையில் நின்று காதால் கேட்டுச் சொல்வது. "சத்தத்தைக் கேட்டா போதும், ஏறி வேற பாக்கணுமா?" என்பது அவருடைய நிரந்தரப் பதில்.

இவருடைய பூர்வீகம் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் என்ன என்பதை அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் இந்த வண்டியின் வயிற்றைக் கிழித்துத்தான் கற்றார்கள். கேம் கிடையாது, கேம் தூக்கிவிடும் வால்வும் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகிற போக்கிலேயே சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைத் திறந்து மூடிப் பெரும்பாலான வேலையை முடித்துக்கொள்கிறது. கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவது, ஹெட்டை லேத்தில் கொடுத்து மயிரிழை சீவுவது, துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்துவது, சைலன்சரைக் குடைவது என்று வேகத்துக்கான வித்தைகள் வைத்தியரின் கைக்குள் வந்தன. பிறகு நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. வித்தை இருந்தது, நோயாளி இல்லை.

அந்த நேரத்தில் குட்டி யானையில் சாக்குப் பை சுற்றி ஓர் அவுட்போர்டு வந்து இறங்கும். வைத்தியர்களின் வரலாற்றில் இந்தக் கட்டம் தவறாமல் உண்டு. சாக்கை உரித்து, மேல்மூடியைக் கழற்றி, உப்புப் பூத்த இரண்டு பிளக்குகளைப் பார்த்ததும் வைத்தியரின் முகம் மலர்கிறது. "ரெண்டு ஆர்எக்ஸைப் படுக்கப் போட்டு ஒட்டினா இதான்பா!" கடல்சார் பொறியியலில் அவருடைய மொத்தப் படிப்பும் இந்த ஒரே வாக்கியம்தான். பாதி சரி என்பதுதான் இதிலுள்ள சங்கடம். அவுட்போர்டில் கிராங்க் செங்குத்தாக நிற்கும், சிலிண்டர்கள் உண்மையிலேயே படுத்திருக்கும். கார்புரேட்டரும் பிளக்கும் ரிங்கும் பழைய சொந்தங்கள்தான். மீதிப் பாதி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அங்கேதான் வைத்தியர் பார்ப்பதில்லை.

பரிசோதனை பட்டறையிலேயே தொடங்கும். முதல் தவறும் அங்கேதான். எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி, தண்ணீர் இல்லாமலே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பார். அவுட்போர்டுக்கு ரேடியேட்டர் கிடையாது. கீழ்க்காலில் இருக்கும் ஒரு ரப்பர் இறக்கைச் சக்கரம் கடல்நீரையே உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிரவைக்கிறது. அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். தண்ணீரின்றிச் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகி இறக்கைகள் ஒடிந்துவிடும். தண்ணீர் ஏறுகிறதா என்பதற்கு அடையாளம், எஞ்சினின் பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிய கோடாகப் பீய்ச்சும் நீர். "வண்டி ஒண்ணுக்குப் போவுதா?" என்று கரையில் கேட்பது இதைத்தான். அலையில் தள்ளி இறக்கும் கரைகளில் மணல் புகுந்து அந்தத் துளை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கேட்காதவர் எஞ்சினை இழக்கிறார்.

ஒரு ரப்பர் கருகிய அனுபவத்துக்குப் பிறகு வைத்தியர் நீல நிற டிரம் வாங்குகிறார். அதில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை உள்ளே விட்டு, முடுக்குவார். டிரம் அதிர்கிறது, தண்ணீர் பட்டறை முழுக்கத் தெறிக்கிறது, பக்கத்து டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. எஞ்சின் அபாரமாக ஓடுவதாக முடிவு கட்டப்படும். டிரம்முக்குள் எஞ்சினின் விசிறி பிடிப்பது பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக நுரைத்த கலவை, எஞ்சினுக்குச் சுமையே இல்லை. சுமை இல்லாத இடத்தில் எல்லா எஞ்சினும் இளமையானவைதான். டிரம்மில் போன வேகம் கடலில் ஏன் போகவில்லை என்ற கேள்வி எழும்போது, வைத்தியர் கடலைக் குற்றம் சொல்வார்.

வைத்தியரை அழைக்கிறவருக்கு வேகம் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. 25, 28 அடி நீளம், மூன்று நான்கு பேர், ஒரு எஞ்சின். முதலில் கரை சேரும் படகின் மீனுக்கு ஏலத்தில் ஒரு விலை, நான்காவதாக வரும் படகின் அதே மீனுக்கு வேறு விலை. பத்து நிமிடத் தாமதம் ஒரு கூடை சங்கராவின் தலைவிதியை மாற்றிவிடும். ஆகவே படகுக்காரரின் புகார் ஒரே மாதிரிதான் இருக்கும்: "இன்னா மேஸ்திரி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பக்கத்து போட்டுக்காரன் நம்மள தாண்டிப் போயிக்கினே கீறான்." இதில் பக்கத்துப் படகு என்ன எஞ்சின், எத்தனை ஆள், எவ்வளவு வலை என்று வைத்தியர் கேட்பதில்லை. ஸ்பானரை எடுத்துவிடுவார்.

அந்த ஸ்பானர் எதைத் திருகினாலும் தாண்டமுடியாத ஒரு வரம்பு இருக்கிறது. கனமான படகு நீரை ஒதுக்கிக்கொண்டுதான் போகமுடியும். போகும்போது அது கிளப்பும் அலையின் நீளம் வேகத்தோடு சேர்ந்து வளரும். அலையின் நீளமும் படகின் நீளமும் சமமானதும் படகு தானே வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, தானே எழுப்பிய மேட்டில் ஏறப் பார்க்கிறது. நீர்மட்டத்தில் 24 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை ஏறத்தாழ ஆறரை நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அதற்குமேல் போக, படகு நீரை விட்டெழுந்து மேற்பரப்பில் வழுக்கவேண்டும். அதற்கு இருபது கிலோ எடைக்கு ஒரு குதிரைத்திறன் என்பது தோராயக் கணக்கு. படகு, ஆள், வலை, எண்ணெய், ஐஸ் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் டன் என்று வைத்தால் அறுபது குதிரைக்கு மேல் வேண்டும். மாட்டியிருப்பதோ பத்துக்கும் குறைவு. ஆர்எக்ஸில் இந்தப் பள்ளம் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலையில் பள்ளம் உண்டு என்றாலும் அதை வண்டி தோண்டுவதில்லை.

வைத்தியரின் மருந்துகளில் மிகப் பிரபலமானது '9.9 ரகசியம்'. சில கம்பெனிகளின் 9.9 குதிரை எஞ்சினும் 15 குதிரை எஞ்சினும் ஒரே பிளாக், ஒரே சிலிண்டர். வித்தியாசம் பெரும்பாலும் கார்புரேட்டரிலும் அதை ஒட்டிய உறுப்புகளிலும்தான். அமெரிக்காவில் பல ஏரிகளில் பத்து குதிரைக்கு மேல் எஞ்சின் கூடாது என்று விதி இருந்ததால் 9.9 என்ற விநோதமான எண் பிறந்தது. ஆக இது நிஜமான செய்தி. வைத்தியர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொள்வார். அவர் சொல்லாமல் விடுவது அடுத்த கணக்கை. மேற்சொன்ன எல்லைக்கு அருகில், வேகத்தைக் கொஞ்சம் கூட்டவே சக்தியை ஏராளமாகக் கொட்டவேண்டும். சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் உயர்கிறது என்று சலுகையாகக் கணக்கிட்டாலும், 9.9 குதிரையை 15 ஆக்கினால் வேகம் நூற்றுக்குப் பதினைந்துதான் கூடும். உண்மையில் அதுவும் வராது. எண்ணெய்ச் செலவு மட்டும் கணக்குப்படி கூடும்.

அடுத்தது ஹெட் சீவுதல். ஆர்எக்ஸில் இதற்குப் பலன் உண்டு: எரியறை சுருங்கும், அழுத்தம் கூடும், வண்டி சீறும். ஆனால் கரையில் இருக்கும் பழைய எஞ்சின்களில் பல மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திரும்பவேண்டும். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது. பிளக்கின் தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் உள்ள கலவை தானாகப் பற்றி இடிக்கும். அதனால்தான் தயாரித்தவர்களே அந்த எஞ்சின்களில் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அதைச் சீவிக் கூட்டினால் முதல் வாரம் சீற்றம், இரண்டாம் வாரம் 'டக் டக்', பிறகு பிஸ்டன் தலையில் ஒரு ஓட்டை. அந்த பிஸ்டனை வைத்தியர் பட்டறையில் பேனா ஸ்டாண்டாக வைத்திருப்பார்.

சைலன்சர் விஷயத்தில் அவருக்கு ஆறாத துக்கம். ஆர்எக்ஸின் பாதி வேகம் அதன் சைலன்சரில் இருந்தது என்பது அவர் நம்பிக்கை, அதில் நியாயமும் உண்டு. அவுட்போர்டிலோ புகை காலின் வழியாக இறங்கி, தண்ணீருக்குள்ளேயே போய்விடுகிறது. குடைய ஒன்றும் இல்லை. ஊரைக் கூட்ட ஒரு சத்தமும் இல்லை.

ஆயிலில் அவருக்கு அளவுக் குவளை தேவைப்படாது. பெரும்பாலான இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு ஐம்பதுக்கு ஒன்று, லிட்டருக்கு 20 மில்லி. இதை அவர் "ஒரு கை" என்று ஊற்றுவார். அவர் கை பெரியது. படகு போன வழி கரையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

விசிறியில்தான் வைத்தியரின் சிந்தனை உச்சத்தைத் தொடுகிறது. விசிறியின் மேல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறவேண்டும் என்ற கணக்கு. பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்பது அவர் தீர்ப்பு. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் ஆர்எக்ஸ் எப்படிப் பறக்கும் என்பதை அவர் பார்த்தவர். ஒன்பது அங்குல பிட்ச், எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் இரண்டுக்கு ஒன்று என்றால் ஏட்டுக் கணக்கில் மணிக்கு 34 கிலோமீட்டர். கடலில் அதே படகு 12-ஐத் தாண்டாது. மீதி எங்கே போனது? எஞ்சின் 5000 சுற்றை எட்டவே இல்லை. எட்டிய சுற்றிலும் பாதிக்கு மேல் தண்ணீரைக் கடைவதில் வீணானது. நான்கு மூட்டை அரிசி ஏற்றிய டிவிஎஸ் 50-ஐ பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏற்றும் கதைதான். சுமை இழுக்கும் படகுக்கு பிட்ச் குறைந்த விசிறி மாட்டினால் எஞ்சின் மூச்சு வாங்காமல் தன் சுற்றுக்கு வரும், படகும் கொஞ்சம் வேகம் பிடிக்கும். ஓர் அங்குல பிட்ச் குறைத்தால் 150, 200 சுற்று ஏறும் என்பது பொதுக் கணக்கு. இதைச் சொன்னால் வைத்தியர் சிரிப்பார். சின்ன விசிறி போட்டால் பெரிய வேகமாம்!

இத்தனைக்கும் நடுவில், அவர் கைபட்ட படகுகளில் கணிசமானவை நிஜமாகவே வேகமாகப் போகின்றன. இந்த மர்மத்தை விளக்க ஒரு விடியற்காலையைப் பார்த்தால் போதும்.

வைத்தியர் எஞ்சின் மாட்டும் பலகையைப் பார்க்கவேண்டும் என்று படகைக் காலிசெய்யச் சொல்கிறார். வலை இறங்குகிறது. ஈரத்தில் ஊறிய பழைய வலை ஒன்று, யாரும் ஆறு மாதமாகத் தொடாதது, அதுவும் இறங்குகிறது. கயிற்றுச் சுருள்கள், ஓட்டைக் கேன்கள், நங்கூரத்துக்கு மாற்றாக வைத்த கல், அதற்கு மாற்றாக வைத்த இன்னொரு கல், மூடி உடைந்த ஐஸ் பெட்டி. பலகைக்கு அடியில் தேங்கிய தண்ணீரை டப்பாவால் மொண்டு ஊற்றுகிறார்கள். நூறு லிட்டர் கடல்நீர் என்றால் 103 கிலோ, அதாவது டிக்கெட் வாங்காத ஒன்றரை ஆள். அடியில் இருக்கும் மணலைத் தேங்காய்ச் சிரட்டையால் வாருகிறான் ஒரு பையன். அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த கொட்டலசுகளைச் சுரண்டுகிறான் இன்னொருவன், வைத்தியர் நிற்க இடம் சுத்தமாக வேண்டும் என்பதற்காக. எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கண்ணுக்கு உறுத்துவதால் அதைத் தூக்கி நேராக்கி மாட்டுகிறார்கள். அந்தத் தூக்கலில், விசிறிக்கு மேல் இருக்கும் தட்டை இறக்கை படகின் அடிமட்டத்துக்குச் சரியாக வந்து உட்காருகிறது. இதுவரை அது நான்கு அங்குலம் ஆழத்தில் தண்ணீரை உழுதுகொண்டிருந்தது. இவ்வளவும் முடிந்த பிறகு வைத்தியர் முன்வந்து, ஒரு குண்டூசியால் ஜெட்டைக் குத்தி, வாயால் ஊதி, மாட்டுகிறார்.

படகு பறக்கிறது. "ஊசிதான் ஐயா வைத்தியம்!" என்கிறது கரை.

சோதனை ஓட்டத்துக்குத் திசையை வைத்தியரே நிர்ணயிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் தெற்கே ஓடும், மாசி, பங்குனியில் வடக்கே திரும்பும். ஆகவே கார்த்திகையில் படகு மாமல்லபுரம் பக்கம் ஓட்டப்படும், பங்குனியில் முட்டுக்காடு பக்கம். செல்போனில் வேகம் பார்க்கும் இளைஞர்கள் வந்த பிறகு, எண்ணைக் கிலோமீட்டரில் சொல்லவேண்டும் என்பதையும் வைத்தியர் கற்றுக்கொண்டார். ஆறு நாட் என்பது சாதாரணம், பதினொன்று என்பது சாதனை. போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுப்பதுதான் முறை. அதைப் படகுக்காரர்களே செய்வதும் உண்டு, ஆனால் அப்போது வைத்தியர் கேளம்பாக்கம் தாண்டியிருப்பார்.

கரையில் இவரை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் ஏலத்துக்குக் காத்திருக்கும் பெண்கள். "மேஸ்திரி வந்துட்டாரா? அப்ப இன்னிக்கு மீனு பத்து மணிக்குத்தான்" என்று கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதேபோல் இரும்புலியூரில் வைத்தியரின் மனைவி. அவருக்கு நாட்டும் தெரியாது, பிட்ச்சும் தெரியாது. பையைத் திறந்து பார்ப்பார். வஞ்சிரம் என்றால் படகு ஓடியிருக்கிறது. சங்கரா என்றால் சுமார். காரப்பொடி என்றால், "ஏன், திரும்பி வரும்போதும் அளந்துட்டாங்களா?" என்று கேட்பார்.

இவருக்கு வாரிசும் உண்டு. செல்போனில் வீடியோ பார்த்துத் தேர்ந்த இளைய வைத்தியர், ஏரியில் ஓடும் அலுமினியப் படகுக்குச் சொன்ன மருந்தைக் கோவளத்து ஃபைபர் படகுக்கு எழுதிக் கொடுக்கிறார். ஊசி குத்தி ஊதும் பழக்கம் இவருக்கு இல்லாததால் பலனும் குறைவு.

பழைய அவுட்போர்டு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், இரும்புலியூருக்கு ஆள் அனுப்பும் முன் ஒரு வேலை செய்து பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, கைப்பிடியை முழுதாக முறுக்கிப் பிடிக்கவேண்டும். கார்புரேட்டரின் கை கடைசிவரை போய் முட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். கேபிள் நீண்டுபோன எஞ்சின்களில் முட்டாது. அப்படியானால் அந்தப் படகு இத்தனை நாளும் முக்கால் திறப்பில்தான் கடலுக்குப் போய்வந்திருக்கிறது. கேபிளை இறுக்க ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும்.